பெருநாள் சஹன்

போதும் என்ற சொல்லை அவர் நம்பியதே இல்லை. அவருடைய சோற்றுக்கடையில் உட்கார்ந்த எவரும் அந்தச் சொல்லைச் சொல்லித் தப்பியதாக எனக்கு நினைவில்லை. பீங்கானுக்கு மேலே இரண்டு கைகளையும் குடை போல விரித்து மறைத்தாலும், விரல் இடுக்கு வழியாகக் குழம்பை ஊற்றிவிடுவார்.

"போதும் எண்டு செல்றது வாய். வயிறு இன்னும் ஒண்டும் செல்லல்லயே" என்பார்.

கண்டிச் சந்தைக்குப் பின்னாலிருந்த சந்தில், எங்கள் பலசரக்குக் கடையை ஒட்டினாற்போல அந்தச் சோற்றுக்கடை இருந்தது. குள்ளமான, தடித்த மனிதர். தோளில் எப்போதும் ஈரத் துண்டு. அவரைவிட மூத்தவர்கள்கூட அவரை அண்ணன் என்ற பொருளில் நானா என்றுதான் கூப்பிட்டார்கள். ஆட்கள் சாப்பிடும்போது அவர் முகத்தைப் பார்த்துப் பேசமாட்டார். பீங்கானைப் பார்த்துத்தான் பேசுவார். ஒருமுறை ரயிலில் வேலை பார்த்த ஒருவர் அவருடைய உபசரிப்பைத் தாங்க முடியாமல் வாசலுக்கு ஓடிப்போய்ச் சாக்கடைக் கானில் வாந்தி எடுத்தார். நானா செம்பில் தண்ணீர் கொண்டுபோய்க் கொடுத்து, முதுகைத் தடவிவிட்டு, "இப்ப எடம் ஈக்கு, உள்ளுக்கு வாங்கொ" என்றார். சந்தே சிரித்தது. நானும் சிரித்தேன்.

பண்டிகை நெருங்கினால் அவரைக் கடையில் பார்க்க முடியாது. நோன்புப் பெருநாள், தீபாவளி, சித்திரை வருடப் பிறப்பு, எதுவாயிருந்தாலும் சரி. இரண்டு வாரத்துக்கு முன்பே சாக்கைத் தோளில் போட்டுக்கொண்டு கடைத்தெருவில் இறங்கிவிடுவார். அரிசி, தேங்காய், சீனி, நெய் என்று கடை கடையாகக் கேட்டுச் சேர்ப்பார். சேர்ந்ததையெல்லாம் பண்டிகையன்று அடுப்பு எரியாத வீடுகளுக்குச் சமைத்துக் கொண்டுபோவார். அவர் கேட்கும் விதம்தான் பலருக்குப் பிடிக்காது. கெஞ்சமாட்டார். கொடுக்கிற அரிசியை முகர்ந்து பார்ப்பார்.

பெரிய துணிக்கடை முதலாளி ஒருவர் ஒரு நோன்பில் தம் கிட்டங்கியிலிருந்து ஒரு மூட்டையை இறக்கிக் கொடுத்தார். நானா மூட்டையை அவிழ்த்து ஒரு பிடி அள்ளினார். வண்டுகள் அவர் விரல்களில் ஏறி ஓடின.

"முதலாளி, இதப் பெருநாளண்டைக்கு ஒங்கட ஊட்டுல ஆக்குவீங்களா?"

"அது ஏழைகளுக்குத்தானே, நானா."

"ஓ. அந்த ஏழைகளும் பெருநாளண்டைக்குத்தான் திங்கப் போறாங்க."

சொல்லிவிட்டுக் கடைப்படியில் உட்கார்ந்துகொண்டார். சேலை எடுக்க வந்த பெண்கள் அவரைச் சுற்றிக்கொண்டு போனார்கள். நோன்பு பிடித்த வாயோடு வெயிலில் அசையாமல் இருந்தார். பிற்பகல் அஸர் தொழுகைக்குப் பாங்கு சொல்வதற்கு முன் முதலாளியின் வீட்டிலிருந்தே நல்ல சம்பா அரிசி வந்தது. அந்த முதலாளி அதன்பிறகு பல வருடங்கள் அவரோடு பேசவில்லை. அரிசி மட்டும் தவறாமல் வந்தது.

தேயிலை விலை விழுந்து, தோட்டங்களில் ஆட்களின் பெயரை வெட்டிக்கொண்டிருந்த காலத்தில் ஒரு தீபாவளிக்கு அவரோடு நானும் ஹந்தானைத் தேயிலைத் தோட்டத்துக்குப் போனேன். தன் பாத்திரத்தில் சமைத்ததை அங்கே சிலர் சாப்பிடத் தயங்குவார்கள் என்று சைவக்கடைச் சமையல்காரர் ஒருவரைக் கூட்டிக்கொண்டு, புதுச் சட்டிகளும் வாங்கிக்கொண்டு வந்திருந்தார். தொழிலாளர் குடியிருந்த லயத்து வாசலில் வடையும் இனிப்பும் பங்கிட்டோம். மழை தூறிக்கொண்டிருந்தது. ஒரு பெண் தனக்குக் கொடுத்த வடைகளைச் சேலைத் தலைப்பில் முடிந்துகொள்வதை நானா பார்த்துவிட்டார்.

"அத அவிழ்த்துத் தின்னுங்கொ. நாளைக்கு எண்டு வெக்க வேணாம்."

"நாளைக்கும் புள்ளைங்களுக்குப் பசிக்குமுங்களே, நானா."

"நாளை நாளைக்கு. இண்டைக்குப் பண்டிகை. தின்னுங்கொ!"

சத்தம் போட்டேவிட்டார். அந்தப் பெண் பயந்துபோய் முடிச்சை அவிழ்த்து, அவர் பார்க்கப் பார்க்க ஒவ்வொன்றாகத் தின்றாள். எனக்கு அதைப் பார்க்கச் சங்கடமாயிருந்தது. இறங்கி வரும்போது கேட்டேன், அவள் பிள்ளைகளுக்கென்று வைத்ததில் என்ன பிழை என்று.

அவர் கேட்டதற்குப் பதிலாக வேறெதையோ சொன்னார். அவர் பிறந்தது கலகெதரப் பக்கம். அவருக்கு ஏழெட்டு வயதிருக்கும்போது ஒரு பெருநாளன்று வீட்டில் ஒன்றுமே இல்லை. அடுப்பு எரியவில்லை என்பது அயலாருக்குத் தெரியக்கூடாதென்று அவருடைய உம்மா கதவைச் சாத்தி, பிள்ளைகளைப் பாயில் படுக்கவைத்து, மூச்சுக் காட்ட வேண்டாம் என்று சொன்னாராம். வெளியே புது உடுப்புப் போட்ட பிள்ளைகள் சிரித்துக்கொண்டு போவது கேட்டதாம்.

"மத்த நாள் பசிச்சா பசி மட்டுந்தான் தம்பி" என்றார். "பெருநாளண்டைக்குப் பசிச்சா, நம்மள ஆரும் மனுசன் எண்டு நெனைக்கல்ல எண்டு வந்திரும்."

மலேரியாக் காய்ச்சல் வந்த வருடத்தை அந்தப் பக்கத்து ஆட்கள் யாரும் மறந்திருக்க முடியாது. மழை பொய்த்தது. ஓடைகள் வற்றிக் குட்டை குட்டையாகத் தேங்கி நுளம்பு பெருகியது. கண்டி டவுனில் நாங்கள் அதிகம் படவில்லை. கலகெதரப் பக்கம் வீட்டுக்கு வீடு ஆட்கள் விழுந்தார்கள். நடுங்கிக்கொண்டு படுத்தவர்களுக்குத் தண்ணீர் கொடுக்கவும் எழும்ப ஆளில்லாத வீடுகள் இருந்தன. வேலை இல்லை, கூலி இல்லை, அறுப்பு இல்லை. ஒரு பள்ளிக்கூடத்தை ஆஸ்பத்திரியாக்கி, கொயினா மருந்தும் கொஞ்சம் அரிசியும் கொடுத்துக்கொண்டிருந்தார்கள். அதற்குள்ளேதான் நோன்பு மாதம் வந்தது.

நானா அந்த மாதம் தூங்கினாரா என்பதே சந்தேகம். கண்டியில் அவர் ஏறாத படி இல்லை. பெருநாளுக்கு முதல்நாள் மூன்று மாட்டு வண்டிகளில் அரிசி, ஆடுகள், நெய், வட்டிலப்பத்துக்குக் கருப்பட்டியும் முட்டையும் ஏற்றிக்கொண்டு கலகெதரப் பக்கம் புறப்பட்டோம்.

பள்ளிக்கூட ஆஸ்பத்திரிக்குப் பொறுப்பாயிருந்த அப்போதிக்கரி ஒரு யாழ்ப்பாணத்துக்காரர். மருந்து கொடுத்துக் கொடுத்துக் கண்கள் குழி விழுந்திருந்தன. வண்டிகளைப் பார்த்ததும் வெளியே வந்தார்.

"நல்ல காரியந்தான், நான் தடுக்கேல்லை. ஆனா இறைச்சியும் நெய்யும் எல்லாருக்கும் குடுக்க வேண்டாம். கன நாள் பட்டினி கிடந்த குடல் தாங்காது. படுத்தெழும்பின ஆக்களுக்கு முதல்லை கஞ்சி குடுங்கோ."

"பெருநாளண்டைக்கா ஐயா கஞ்சி?"

"ஓம். பெருநாள் எண்டு குடலுக்குத் தெரியாது."

நானா முகத்தைச் சுளித்தாலும் அவர் சொன்னதைக் கேட்டார். இதை நான் அழுத்திச் சொல்லவேண்டும், ஏனென்றால் பிறகு சிலர் வேறு மாதிரிப் பேசினார்கள். மறுநாள் காலை பெருநாள் தொழுகை முடிந்ததும் பள்ளிவாசல் முற்றத்தில் இரண்டு பந்திகள் போட்டார். மெலிந்து, பட்டினி கிடந்து வந்தவர்களுக்கு ஒரு பக்கம் கஞ்சி. தெம்பாயிருந்தவர்களுக்கு மறுபக்கம் பாய் விரித்துச் சஹன் வைத்தார். ஒரு பெரிய தட்டில் நெய்ச்சோறும் இறைச்சியும் குவித்து, ஆறு பேர் சுற்றியிருந்து ஒன்றாகச் சாப்பிடுவது. முஸ்லிம்கள் மட்டுமல்ல, பக்கத்துச் சிங்களக் கிராமத்திலிருந்தும், மூடிப்போன ரப்பர் தோட்டத்திலிருந்தும் ஆட்கள் வந்திருந்தார்கள். பேச்சே இல்லை. அவ்வளவு பேர் கூடிய பெருநாள் முற்றம் அப்படி அமைதியாயிருந்து நான் பார்த்ததில்லை.

நானா பந்தியைப் பார்த்துக்கொண்டே வந்தவர், கஞ்சி வரிசையின் கடைசியில் நின்றுவிட்டார்.

அங்கே ஒரு வெற்றிலைத் தோட்டக்காரர் உட்கார்ந்திருந்தார். எனக்கும் அவரைத் தெரியும். நல்ல ஆகிருதியான மனிதர். வருடந்தோறும் நானா கேட்காமலே ஒரு வண்டித் தேங்காய் அனுப்புகிறவர். இந்த வருடம் தேங்காய் வராதபோதே நாங்கள் யோசித்திருக்கவேண்டும். சட்டை தோளில் தொங்கியது. கஞ்சிக் கோப்பையை முழங்காலுக்கு நடுவில் வைத்துக்கொண்டு, யாரும் தன்னைப் பார்க்கக்கூடாதென்பது போலக் குனிந்திருந்தார்.

"மச்சான்" என்றார் நானா. "நீ ஏன் இங்க?"

"காய்ச்சல் மச்சான். இப்ப பரவாயில்ல. இது போதும் எனக்கு."

"எழும்பு."

"வேணாம். ஐயா கஞ்சிதான் குடிக்கச் சென்னார்."

நானா அவர் கையைப் பிடித்துத் தூக்கினார். அப்படியே முற்றத்தைக் கடந்து கூட்டிக்கொண்டுபோய், எல்லோரும் பார்க்க, தன்னுடைய சஹனில் தனக்குப் பக்கத்தில் உட்காரவைத்தார். நானும் அந்தச் சஹனில்தான் இருந்தேன். அந்த மனிதரின் முகம் மாறியதைப் பார்த்தேன். நிமிர்ந்து உட்கார்ந்தார். சுற்றியிருந்தவர்களுக்கு ஸலாம் சொன்னார். நானா இறைச்சித் துண்டுகளைப் பிய்த்து அவர் பக்கம் தள்ளிக்கொண்டேயிருந்தார். முதலில் மெதுவாகத் தின்றார். பிறகு வேகமாக. பிறகு கையை எடுத்துக்கொண்டு, "போதும் மச்சான்" என்றார்.

நானா சிரித்துக்கொண்டே இன்னும் சோறு தள்ளினார். விருந்துக்கு அழைத்தவன் முன்னால் மறுப்பது மரியாதையல்ல என்று நினைக்கிறவர் அந்த மனிதர். அதையும் தின்றார். வட்டிலப்பம் வந்தபோது மறுபடி "போதும்" என்றார். நானா அதையும் அவர் கையில் வைத்தார்.

அன்று நானா அவ்வளவு சந்தோஷமாயிருந்தார். அகப்பையைத் தூக்கிக்கொண்டு பந்தியெல்லாம் சுற்றி வந்தார்.

நண்பகல் ளுஹர் தொழுகைக்குப் பிறகு அந்த மனிதர் பலாமரத்தடியில் சுருண்டு படுத்தார். வயிறு வலிக்கிறதென்றார். பிறகு வயிறு பாறையாக இறுகியது. அப்போதிக்கரி ஓடிவந்து முழந்தாளிட்டுத் தொட்டுப் பார்த்தார். கையை எடுத்துவிட்டுச் சும்மா இருந்தார். பொழுது சாயும்போது எல்லாம் முடிந்தது. நானா அவர் தலையைத் தன் மடியில் வைத்துக்கொண்டிருந்தார். ஜனாஸாவை வீட்டுக்குத் தூக்கும்வரை மடியைவிட்டு இறக்கவில்லை.

அப்போதிக்கரி கண்டிக்கவில்லை. கண்டித்திருந்தால் நானாவுக்கு நன்றாயிருந்திருக்கும். "மண்ணீரல் வீங்கிக் கிடந்தது. காய்ச்சலும் விடேல்லை. இன்னதாலைதான் எண்டு சொல்லேலாது" என்று மட்டும் சொல்லிவிட்டு மருந்துப் பெட்டியைத் தூக்கிக்கொண்டு போனார்.

மறுநாள் காலை அடக்கம் முடிந்தபிறகு நானா அந்த வீட்டு வாசலில் போய் நின்றார். நானும் கூடப்போனேன். இறந்தவரின் மனைவி இத்தா என்னும் துக்கக் காலத்தில் இருந்ததால் வெளியே வரவில்லை. கதவுக்குப் பின்னால் இருந்து குரல் மட்டும் வந்தது.

"நானா, நீங்க மனசுல ஒண்டும் வெச்சிக்கொள்ள வேணாம். கஞ்சி வாங்கப் போகணுமே எண்டு வெக்கப்பட்டுத்தான் அவரு எத்தன நாளாப் படுத்துக் கெடந்தார். நேத்து நீங்க கையப் புடிச்சிக் கூட்டிக்கொண்டு போய் ஒங்களோட ஒக்கார வெச்சீங்க எண்டு புள்ள ஓடிவந்து செல்லிச்சி. எத்தனையோ நாளைக்குப் பொறகு நான் சிரிச்சேன். அல்லாஹ் ஒங்களுக்குப் பரக்கத் செய்யட்டும்."

நானா திரும்பி நடந்தார். செருப்பைக்கூடப் போட்டுக்கொள்ளவில்லை, நான்தான் எடுத்துக்கொண்டு பின்னால் ஓடினேன்.

வண்டி கட்டுகஸ்தோட்டையை நெருங்கிக்கொண்டிருந்தது. அவர் என்னைப் பார்க்காமல் சொன்னார்: "ரெண்டு தரம் சென்னான்."

"எனத்த நானா?"

"போதும் எண்டு. ரெண்டு தரம். எனக்கு நல்லாக் கேட்டிச்சி."

அதற்குப் பிறகு அவர் கடையில் பரிமாறவில்லை. கூலிக்கு ஒரு ஆளை வைத்தார். தான் பின்கட்டில் வெங்காயம் உரித்துக்கொண்டு, விறகை அடுக்கிக்கொண்டு இருந்தார். யாராவது உரக்கப் "போதும்" என்றால் அவர் கை அப்படியே நிற்கும். பழைய வாடிக்கையாளர்கள் ஒவ்வொருவராகக் குறைந்தார்கள். அவருடைய சத்தத்துக்காகத்தான் அங்கே வந்தோம் என்பது அவர்களுக்கே அப்போதுதான் தெரிந்திருக்கும்.

சித்திரை வருடப் பிறப்பு வந்தது. அவர் சாக்கை எடுக்கவில்லை. நாங்கள் நாலைந்து கடைக்காரர்கள் சேர்ந்து ஏதோ செய்தோம். எங்களுக்குக் கேட்கத் தெரியவில்லை. கொடுத்ததை வாங்கிக்கொண்டோம். கொடுத்தது குருணை. யாரும் அதை முகர்ந்து பார்க்கவில்லை. தீபாவளிக்கு ஹந்தானைக்கு ஒருவரும் போகவில்லை. பண்டிகை கழிந்து ஒரு நாள், உப்பு வாங்க இறங்கி வந்த லயத்துப் பெண் ஒருத்தி, "நானா வரலீங்களே, ஒடம்புக்கு முடியலீங்களா? புள்ளைங்க ரோட்டையே பாத்துக்கிட்டு இருந்துச்சுங்க" என்று என்னிடம் கேட்டாள். பக்கத்துக் கடையின் பின்கட்டில் விறகு பிளக்கும் சத்தம் கேட்டது. நான் ஏதோ சொல்லிச் சமாளித்தேன். அந்தச் சத்தமும் நின்றுவிட்டது.

அடுத்த நோன்பு மாதத்தின் கடைசியில், அந்த வெற்றிலைத் தோட்டக்காரரின் மனைவி தன் தம்பியோடு கண்டிக்கு வந்தாள். நானாவின் கடைப் பின்வாசலில் நின்றாள். அவளுக்கு நாற்பது வயதுகூட இருக்காது. முக்காட்டை இழுத்துவிட்டுக்கொண்டு நேராகவே பேசினாள்.

"பெருநாளைக்கு ஆரும் வாறதா எங்கட பக்கம் பேச்சில்ல, நானா. காய்ச்சல் போயிட்டு. கஷ்டம் போகல்ல."

நானா எழுந்து நின்றார். கையில் உரித்த வெங்காயம் இருந்தது. "பள்ளியில கஞ்சிக்கு அரிசி குடுக்கச் செல்றன், தங்கச்சி."

"கஞ்சி நாங்களே காச்சிக் குடிப்போம். அதுக்கு ஒங்களத் தேடி இவ்வளவு தூரம் வரல்ல."

"என்ட கையால வேணாம்."

"வேற ஆர்ட கையால நானா? ஒரு வருசமாப் பாத்துட்டுத்தானே ஈக்கிறம்."

அவர் வெங்காயத்தைக் கீழே வைத்தார். அவள் மெல்லச் சொன்னாள்: "நீங்க ஆக்கித் தாங்க. அள்ளி வெக்கிறத நான் பாத்துக்கொள்றன்."

அந்த வருடப் பெருநாளுக்கு அவர் வந்தார். அரிசி சேர்க்க நாங்கள்தான் போனோம். அவர் எங்களோடு கூட வந்து கடைவாசல்களில் பேசாமல் நின்றார். அவர் நிற்கிறார் என்பதற்காகவே பலர் நல்லதைக் கொடுத்தார்கள்.

பெருநாளன்று அதே பள்ளிவாசல் முற்றம். ஒரு மூலையில் கல் கூட்டி அடுப்பு வைத்திருந்தார். கிடாரத்திலிருந்து அந்தப் பெண்தான் சோற்றை அள்ளினாள். ஒவ்வொரு சஹனையும் எந்தப் பக்கம் போகிறதென்று கேட்டு, யார் யார் இருக்கிறார்கள் என்று எட்டிப் பார்த்து, அளந்து வைத்தாள். நாங்கள் தூக்கிக்கொண்டு போனோம். அந்த வருடம் பிள்ளைகள் சத்தம் போட்டார்கள். ஒருவன் எலும்புக்காகச் சண்டை பிடித்தான். பெண்கள் பக்கம் சிரிப்புக் கேட்டது.

நானா எல்லோருக்கும் முதுகைக் காட்டிக்கொண்டு அடுப்புக்கு முன்னால் குந்தியிருந்தார். கடைசிச் சஹனும் போனபிறகு அந்தப் பெண் அகப்பையை வைத்துவிட்டு, கையைத் துடைத்துக்கொண்டு அவருக்குப் பின்னால் வந்து நின்றாள்.

"நானா, கொஞ்சம் திரும்பிப் பாருங்கொ. நல்லாத் திங்கிறாங்க."

"நெருப்பு அணைஞ்சிரும், தங்கச்சி" என்று சொல்லிவிட்டு, அவர் குனிந்து ஊத ஆரம்பித்தார். கிடாரத்தை இறக்கி வெகுநேரமாகியிருந்தது. அவர் ஊதிய இடத்தில் சாம்பல்தான் பறந்தது.